டீசரோடு நிறுத்துவதா, டிரெய்லரையும் பார்ப்பதா?

டீசர் பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். நாயகனின் நடை, பின்னணி இசை, வெளியாகும் தேதி, அவ்வளவுதான். கதை வெளியே வராது.

டிரெய்லர் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடுவதால் கிளைமாக்ஸ் வரை கைவைக்கிறார்கள். 2015-இல் வந்த ‘டெர்மினேட்டர் ஜெனிசிஸ்’ படத்தின் டிரெய்லர், மனிதர்களைக் காக்கும் தலைவனான ஜான் கானரே எதிரியாக மாறியதைப் போட்டு உடைத்தது. படத்தின் பெரிய திருப்பமே அதுதான்! இயக்குநருக்கே அதில் வருத்தம்.

பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், வன்முறை எவ்வளவு என்று தெரிந்துகொள்ள டிரெய்லர் வேண்டும் என்பார்கள். சரி, ஆனால் சிங்கப்பூரில் அதற்குப் படத்தின் வயது வகைப்பாடே போதும். டிக்கெட் எடுக்கும்போதே பிஜி13, என்சி16, எம்18 என்று தெரிந்துவிடும். என்சி16 என்றால் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதியே இல்லை.

என் ஓட்டு டீசருக்கே. திரில்லர் என்றால் டிரெய்லர் பக்கமே போகாதீர்கள். நகைச்சுவைப் படத்துக்கும் அப்படித்தான்: நல்ல ஜோக்கையெல்லாம் கைபேசியில் கேட்டுவிட்டுப் போனால், யீஷூன் தியேட்டரில் அரங்கமே சிரிக்கும்போது நமக்குச் சிரிப்பு வராது. குடும்பக் கதைக்கு டிரெய்லர் பார்த்தாலும் நட்டமில்லை. அங்கே நடிப்புதான் முக்கியம்.