ஒரு பரப்பை விடுவதா, பாதியாக்குவதா?

லண்டனில் அலொட்மென்ட், அதாவது பயிர் செய்ய உள்ளூராட்சிக் கவுன்சில் வாடகைக்குக் கொடுக்கும் காணித் துண்டு, கிடைத்த அன்று அப்பா முதல் வேலையாகக் காணியைக் காலடியால் அளந்தார். "பிள்ளை, இது சரியா ஒரு பரப்பு" என்றார். கணக்குச் சரிதான். இங்கே முழுத் துண்டு என்றால் வழக்கமாக 10 ரொட், ஏறத்தாழ 250 சதுர மீட்டர். இவர்களின் ரொட்டும் எங்கள் காணி உறுதிகளில் வரும் பேர்ச்சும் ஒரே அளவு. யாழ்ப்பாணத்தில் 10 பேர்ச் ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். ஊரில் தோட்டக் காணியை விட்டுவிட்டு வந்தவருக்கு அந்த ஒரு பரப்பு எவ்வளவு பெரிது என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

17 வருடம் அதைச் செய்தார். பிறகு வலது முழங்கால் தேய்ந்தது. ஒரு மார்ச் காலை தண்ணீர்த் தொட்டியடியில் வழுக்கி விழுந்து, பக்கத்துத் துண்டுக்காரர் வரும்வரை முக்கால் மணித்தியாலம் ஈரத்தில் கிடந்தார். கைத்தொலைபேசி கொட்டிலுக்குள் தொங்கிய ஜாக்கெட்டில் இருந்தது. அன்று பின்னேரமே வீட்டில் பேச்சுத் தொடங்கிவிட்டது. அம்மா, "விட்டுட்டு வாங்கோ" என்றார். அப்பா, "முழங்கால்தானே ஏலாது எண்டுது, கை ரெண்டும் நல்லாத்தானே கிடக்கு" என்றார்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே வந்தவர்கள் பலருக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. உயர்த்திய பாத்தி, பங்குக்கு ஆள், பாதியாக்குவது, முழுக்க விடுவது என்று மூன்று வருடத்தில் நாங்கள் நான்கு வழிகளையும் செய்து பார்த்தோம். எது யாருக்குப் பொருந்தும் என்று இப்போது என்னால் ஓரளவு சொல்ல முடியும்.

தம்பியின் யோசனை உயர்த்திய பாத்தி. பலகையடித்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் மண் நிரப்பினால் குனியத் தேவையில்லை, விளிம்பில் இருந்தபடியே வேலை செய்யலாம் என்றான். நியாயமான பேச்சுத்தான். ஆனால் 2.4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலத்தில் ஒரு பாத்திக்கு 1.7 கனமீட்டர் மண் வேண்டும். அது இரண்டு தொன்னுக்கு மேல். கேட்டடியில் கொட்டிய மண்ணைத் தள்ளுவண்டியில் இருபது தடவைக்கு மேல் கொண்டுபோனோம். எல்லாம் முடிந்தபோது கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்தது மூன்று சதுர மீட்டர் கூட இல்லை. மிச்சக் காணி முழுக்கப் புல்லும் களிமண்ணுமாக முன்பிருந்த மாதிரியே கிடந்தது. இன்னொன்று, உயர்ந்த பாத்தி சீக்கிரம் காயும். குனிகிற வேலை குறைந்த இடத்தில் தண்ணீர் சுமக்கிற வேலை கூடியது. நிறைந்த பூவாளி ஒன்று 10 கிலோவுக்கு மேல். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு உயர்ந்த பாத்தியை விட்டால் வேறு வழியில்லை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எட்டுவதென்றால் அகலம் 60 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் அதற்கு ஏற்ற இடம் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருக்கும் வீட்டுக் கொல்லை.

அப்பாவுக்குப் பிடித்தது பங்குக்கு ஆள் சேர்ப்பது. காத்திருப்போர் பட்டியலில் இருந்த ஒரு இளம் சோடி சந்தோசமாக வந்தார்கள். நல்ல பிள்ளைகள். காட்போட் மட்டையை விரித்து மேலே கம்போஸ்ட் போட்டு, கொத்தாமலே பயிர் வைத்தார்கள். இங்கிலாந்தின் சொமர்செட்டில் இருக்கும் தோட்டக்காரர் சார்ல்ஸ் டவுடிங் பரப்பிவரும் முறை அது. மண்வெட்டி பிடித்து வளர்ந்த அப்பாவுக்குக் கொத்தாத மண் தோட்டமே இல்லை. முழங்கால் போனவருக்கு மட்டை போடுவதுதான் சரி என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன், அந்த விசயத்தில் பிள்ளைகள் பக்கம்தான் நான். பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. ஜூன் நடுவில் ஒருநாள், தானாக விழுந்து முளைத்திருந்த தண்டுக்கீரைக் கன்றுகளைக் களை என்று நினைத்துப் பிடுங்கிக் குவித்துவிட்டார்கள். ஊரிலிருந்து வந்த விதையின் வழி அது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. குவியலுக்குள் கைவிட்டு வேர் வாடாத ஏழெட்டைப் பொறுக்கித் திரும்ப நட்டார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் அவர் போகவில்லை.

ஆள் சேர்ப்பதென்றால் எந்தப் பாத்தி யாருடையது, எதைத் தொடக்கூடாது என்று முதல் நாளே எழுதிவைக்க வேண்டும். வருகிறவர்களிடம் மறைக்கக்கூடாத விசயமும் ஒன்று உண்டு. துண்டு அப்பாவின் பெயரில் இருப்பது. அதை அவர் விருப்பப்படி மாற்றிக் கொடுக்க முடியாது. அவர் விட்டால், உதவிக்கு வந்தவர் பல இடங்களில் திரும்பவும் வரிசைக்குத்தான் போகவேண்டும். கவுன்சிலின் விதியை முதலே கேட்டுவிடாமல் யாரையும் உழைக்க விடுவது நியாயமில்லை.

எங்களுக்குக் கைகொடுத்தது பாதியாக்கியதுதான். ஐப்பசியில் பாதியைத் திருப்பிக் கொடுத்தோம், அதைக் கவுன்சில் அந்தச் சோடிக்கே எழுதிக்கொடுத்தது. எந்தப் பாதியை வைத்திருப்பது என்பதில்தான் வீட்டில் சண்டை. பின்பாதி அவர் 17 வருடம் எருப்போட்டுக் கறுப்பாக்கிய மண். முன்பாதி இன்னும் கட்டிபட்ட களி, ஆனால் கேட்டும் தண்ணீர்த் தொட்டியும் பக்கத்தில். "நல்ல மண்ணைக் குடுத்திட்டு இதை வச்சு என்ன செய்யிறது?" என்று இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. நான் விட்டுக்கொடுக்கவில்லை. மண்ணைத் திருத்தலாம், தொட்டியை நகர்த்த முடியாது. இந்த முடிவை எடுக்கப் போகிறவர்கள் மண்ணைப் பார்க்காமல் நடக்கவேண்டிய தூரத்தைப் பாருங்கள்.

பயிரையும் மாற்றினோம். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் நிறுத்தினோம், இரண்டும் முழுக்கக் குனிகிற வேலை. நின்றபடி பறிக்கிற கொடிப் போஞ்சி, கண்ணாடிக் கொட்டிலுக்குள் தக்காளியும் மிளகாயும், களை வராமல் நிலத்தை மூடிக்கொள்ளப் பூசணி. தொலைபேசி கழுத்தில் தொங்கியது. பதினொரு மணிக்கு அம்மா எடுப்பார், பதில் வராவிட்டால் நான் போவேன்.

அடுத்த வருடம் முழங்கால் சத்திரசிகிச்சைக்கு முன்னமே கவுன்சிலுக்குக் கடிதம் போட்டோம். இதை யாரும் தவறவிடக்கூடாது. துண்டை விட்டுப் போகச் சொல்வதற்குப் பொதுவாக 12 மாத அறிவித்தல் வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் பயிர் செய்யாமல் விதியை மீறினால் 1908ஆம் ஆண்டு அலொட்மென்ட் சட்டப்படி ஒரு மாத அறிவித்தலே போதும். அதே நேரம், நடமாட்டக் குறைவு ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்து, அல்லது நீடிக்கும்போல இருந்து, நாளாந்த வாழ்க்கையைக் குறிப்பிடத்தக்க அளவு பாதித்தால் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் அதை இயலாமையாகக் கணக்கெடுக்கும், கவுன்சில் நியாயமான சலுகை செய்யவேண்டும். எச்சரிக்கைக் கடிதம் வந்தபிறகு விளக்கம் எழுதுவதைவிட, புல் வளர முதல் எழுதுவது எவ்வளவோ நல்லது.

பாதித் துண்டில் இரண்டு நல்ல கோடைகள் கிடைத்தன. மூன்றாம் வருடம் தலைச்சுற்று வந்தது. முழங்கால் நோவுக்கு ஏற்றபடி வேலையை மாற்றலாம், கதிரை போடலாம், பயிரை மாற்றலாம். எந்த நேரம் வரும் என்று தெரியாத தலைச்சுற்றுக்கு, தனியே நிற்கிற ஒருவருக்கு, எதை மாற்றுவது? அங்கேதான் நான் கோடு போட்டேன். இந்த முறை அப்பா எதிர்த்துப் பேசவில்லை. முழுப் பரப்பையும் ஒரேயடியாகக் கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார், பாதியைக் கொடுத்துப் பழகிய கைதான் மிச்சத்தையும் கொடுத்தது என்று எனக்குப் படுகிறது.

விடுவதென்றால் ஐப்பசியில் விடுங்கள். பூசணி வெட்டியாகிவிடும், விதை எடுத்தாகிவிடும், புதிதாக எடுப்பவருக்கு எருப்போட ஒரு மாரி கிடைக்கும். இளவேனிலில் விட்டால் விதைத்ததை மண்ணுக்குள் விட்டுவிட்டு வரவேண்டும். நடக்கக்கூடிய காலத்திலேயே விட்டதால் சாவியை அப்பா தன் கையால் கொடுத்தார். புதிதாக எடுத்த பெண்ணுக்கு மழைத்தண்ணி தேங்குகிற மூலையையும் பைண்ட்வீட் என்ற கொடிக்களையின் வேர் ஒளித்திருக்கும் வேலியோரத்தையும் காட்டினார். ஹோர்லிக்ஸ் போத்தலில் கீரை விதை கொடுத்து, கன்று எப்படி இருக்கும் என்று இலையின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மண்வெட்டியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

தம்பியின் பலகைப் பாத்தி இப்போது குசினிக் கதவுக்கு வெளியே, குழாயடியில் நிற்கிறது. வெந்தயமும் கொத்தமல்லியும் அதில். இந்த ஜூலையில் அந்தப் பெண் ஒரு கட்டுத் தண்டுக்கீரை கொண்டுவந்து தந்தார். அப்பா கட்டை அவிழ்த்து, வேர் இருக்கிறதா என்று தண்டின் அடியைத்தான் முதலில் பார்த்தார்.

"பிடுங்கேல்லை, வெட்டித்தான் எடுத்திருக்கிறா" என்றார். "திரும்பத் தளிர்க்கும்."