இறால், மட்டி, ஒற்றைத் துணிக்கை ஐசிபி-எம்எஸ்: நீண்ட நாள் பாவித்தபின்

மட்டக்களப்பு வாவி இறாலிலும் மட்டியிலும் செயற்கை நானோத்துணிக்கை (கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய உலோகத் துகள்) தேட, ஒற்றைத் துணிக்கை ஐசிபி-எம்எஸ் முறையைச் சில வருடங்களாகப் பாவித்து வருகிறேன். பிளாஸ்மா என்ற மிகச் சூடான வாயுவில் பொருளை அயன்களாக்கி, அவற்றைத் திணிவுப்படி பிரித்து எண்ணும் கருவிதான் ஐசிபி-எம்எஸ். வெள்ளியைத் தேடுகிறவருக்குத் தயங்காமல் சிபாரிசு செய்வேன். டைட்டேனியம் என்றால், அதுவும் எங்கள் கரையில், கொஞ்சம் பொறுங்கள்.

கரைசலை நன்றாக ஐதாக்கி, பிளாஸ்மாவுக்குள் ஒரு நேரத்தில் ஒரு துணிக்கை மட்டும் போகும்படி விடுகிறோம். ஒவ்வொன்றுக்கும் திரையில் ஊசிபோல ஓர் எழுச்சி வரும். அதன் உயரத்திலிருந்து துணிக்கையின் திணிவும், அதிலிருந்து பருமனும் கிடைக்கும். எத்தனை ஊசி என்பதிலிருந்து செறிவு. துணிக்கையாக இல்லாமல் கரைந்துபோன உலோக அயன், திரையில் ஊசிகளுக்கு அடியில் ஒரே மட்டக் கோடாகக் கிடக்கும். மொத்த வெள்ளியை மட்டும் அளக்கும் முறையில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. தெளிக்கும் கரைசலில் சிறு பங்குதான் பிளாஸ்மாவை அடையும் என்பதால், பருமன் தெரிந்த 60 நானோமீட்டர் தங்கத் துணிக்கையை ஓடவிட்டு அந்தப் பங்கை ஒவ்வொரு முறையும் கணக்கிட வேண்டும். அலுப்புத்தான்.

உயிர் போவது, இறாலையும் மட்டியையும் கருவிக்குள் விடத் தயாரிப்பதில். நைத்திரிக் அமிலத்தில் கரைத்தால் வெள்ளித் துணிக்கையும் சேர்ந்து கரையும். தேடிப்போன சாமானே இருக்காது. அதனால் புரோட்டினேஸ் கே போன்ற, புரதத்தை உடைக்கும் நொதியம், 50 பாகை செல்சியஸ் அளவில், இழையம் கூழாகித் தெளியும்வரை. இறாலில் தலைப்பக்கத்து ஈரல்கணையத்தை எடுங்கள், உலோகம் அதிகம் சேர்வது அங்கேதான். கொழுப்பு கூட என்பதால் வடிதாள் அடைக்கும், அது வேறு கதை. கரைத்ததைக் கொழும்பு பஸ்ஸில் அனுப்பவே வேண்டாம். வழியில் துணிக்கைகள் போத்தல் சுவரில் ஒட்டும், திரளும், சில கரையும். இழையத்தை உறையவைத்து ரெஜிபோம் பெட்டியில் ஐஸோடு அனுப்பி, கருவிக்குப் பக்கத்திலேயே கரைப்பதுதான் சரி.

அப்புறம் டைட்டேனியம். பாசிக்குடாவில் குளிக்கிறவர்கள் பூசும் சன்ஸ்கிரீன் சிலவற்றில் டைட்டேனியம் டைஒக்சைட்டு உண்டு. 2022 இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை உணவில் சேர்க்கத் தடை போட்டதும் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். ஆனால் டைட்டேனியத்தின் பிரதான சமதானியின் (ஒரே மூலகத்தின் வெவ்வேறு திணிவுள்ள அணு வகைகளில் ஒன்று) திணிவெண் 48, கல்சியத்துக்கும் ஒரு 48 உண்டு; திணிவை மட்டும் பார்க்கும் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். இறால் கோதும் மட்டி ஓடும் கல்சியம்தானே. டைட்டேனியத்தின் மற்றச் சமதானிகளான 47, 49 பக்கம் போனால், அவை குறைவு என்பதால் சமிக்ஞை மெலிந்து, சிறிய துணிக்கைகள் காணாமல் போகும்.

அதைவிடப் பெரிய தலையிடி மணல். எங்கள் கிழக்குக் கரையின் வடக்கே புல்மோட்டைக் கடற்கரை மணலில் தோண்டி எடுக்கும் இல்மனைட் இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த கனிமம். அப்படிப்பட்ட கனிமத் தூள் மட்டியின் குடலில் இருந்தால் நொதியம் அதைத் தொடாது, கருவியில் அதுவும் டைட்டேனியத் துணிக்கையாகவே தெரியும். மட்டியை ஓரிரவு சுத்தமான உப்புத்தண்ணீரில் விட்டால் கொஞ்சம் போகும், முழுக்கப் போகாது. சாதாரணக் கருவி ஒரு துணிக்கையில் ஒரு மூலகத்தைத்தான் ஒழுங்காகப் பார்க்கும். இரும்பும் கூட இருக்கிறதா என்று அதே துணிக்கையில் பார்க்க, பல மூலகங்களை ஒரே நேரத்தில் அளக்கும் டைம்-ஒவ்-ஃபிளைட் கருவி வேண்டும், அதன் விலைக்கு நாங்கள் எங்கே போவது? அது கைக்கு வரும்வரை, டைட்டேனியம் உள்ள துணிக்கை இருந்தது என்று மட்டுமே அறிக்கையில் எழுதுகிறேன். சன்ஸ்கிரீனில் இருந்து வந்ததா மணலில் இருந்து வந்ததா என்று எழுதுவதில்லை.