யானையா, நண்டா, முதலையா? வன்னிக் கதைக்கு ஒரு போர் உயிரி

வன்னியில் இரணைமடுக் குளத்தைச் சுற்றி நடக்கும் எதிர்காலக் கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஆள் ஏறி ஓட்டும் போர் உயிரி ஒன்று வேண்டும். இரும்பு கிடையாது, எலும்பும் தசையும்தான். யோசித்ததில் மூன்று தேறின.

நண்டை முதலிலேயே கழித்துவிட்டேன். ஓடு நல்ல கவசம்தான், ஆனால் வளர வேண்டுமென்றால் அதைக் கழற்ற வேண்டும். நந்திக்கடலில் ஓடு கழற்றிய நண்டைத் தொட்டவர்களுக்குத் தெரியும், விரல் பட்டாலே அமுங்கும். நிலத்தில் வாழ்பவற்றில் மிகப் பெரிய தென்னை நண்டே நாலு கிலோ அளவுதான்.

யானைதான் எனக்குப் பிடித்தது. பாகன் கழுத்தில் இருந்து காதுக்குப் பின்னால் கால்விரலால் அழுத்த, அது திரும்பும். ஓட்டுநர் இருக்கை அங்கேயே கிடைத்துவிட்டது. நரம்புச் செய்தி வேகமாகப் போனாலும் நொடிக்கு நூறு மீட்டர் அளவுதான். பெரிய உடம்பில் அது போய்வரத் தாமதமாகும், ஆகவே ஒவ்வொரு தசையையும் ஓட்டுநர் ஆட்டக் கூடாது. எங்கே போவது என்று அவர் சொல்லட்டும், காலை எங்கே வைப்பது என்று உயிரி பார்த்துக்கொள்ளும்.

சிக்கல் எடையில் இருக்கிறது. 4 தொன் யானையை இரண்டு மடங்கு உயரமாக்கினால் எடை 8 மடங்காகி 32 தொன். கால் எலும்பின் குறுக்குப் பரப்போ 4 மடங்குதான் கூடும். அப்புறம் தீனி. சாதாரண யானையே நாளுக்கு 150 கிலோ அளவு தின்னும். இது 700 கிலோவாவது கேட்கும். காலபோக வயலில் இரவெல்லாம் யானை வெடி போட்டுக் காவல் இருக்கிறவர்களின் ஊரில், இப்படிப் பத்தை யார் வளர்ப்பது? ஒரு கால் மிதிவெடியில் போனால் மூன்று காலில் போருக்கு நடப்பதும் கடினம்.

முதலை அதே எடைக்குப் பத்தில் ஒரு பங்கு தீனியில் வாழும், மாதக்கணக்கில் பட்டினியும் கிடக்கும். வயிறு நிலத்தில் படுவதால் ஒரு கால் போனாலும் இழுத்துக்கொண்டு போகும். ஆனால் குளிர் இரத்தம். காலையில் குளக்கட்டில் வாயைப் பிளந்தபடி வெயில் காயும் முதலையைப் பாருங்கள், உடம்பு சூடேறாமல் அது வேகம் எடுக்காது. பாய்ந்தாலும் சில நிமிடத்தில் களைத்துவிடும்.

அந்தக் குறைதான் கதைக்கு வேண்டியது. எனவே என் முடிவு முதலை. மார்கழி மழையில், வெயில் காணாத நாலாம் நாள், எதிரி வருகிறான். ஓட்டுகிறவள் அதன் கழுத்தடியில் வைக்கோல் மூட்டி, கையால் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருக்கிறாள். கதையை அங்கேதான் தொடங்கியிருக்கிறேன்.