பிடித்த பிறகு தடி சுழலுமா? ஐந்து விதிநூல்களில் கிராப்பிள்

டைஸ் உருட்டிக் கதை நடத்தும் மேசை ஆட்டங்களில் எதிரியைக் கையால் பிடிப்பதற்குப் பெயர் கிராப்பிள். ஓர் ஓகரை, அதாவது பெரிய உடம்புள்ள அரக்கனை, மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் நிறுத்திப் பாருங்கள். கீழே 115 அடியில் பறளியாறு. ஓகரின் இரண்டு கையிலும் பெருந்தடி. எதிரே ஆட்டக்காரர் ஒருவரின் பாத்திரம்: ஐந்தாம் லெவல் ஃபைட்டர் (ஆயுத வீரர்), ஸ்ட்ரென்த் (உடல் பலம்) 18. அவர் ஓகரைப் பிடிக்கப் போகிறார்.

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை என்று எல்லையின் இரு பக்கமிருந்தும் ஆட்கள் சேரும் மேசையில் இந்த இடத்தில் ஆட்டம் நின்றுவிடும். ஒருவர் கையில் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) 2014 புத்தகம் இருக்கும். இன்னொருவர் ஃபோனில் 2024 விதிகளைத் திறந்து வைத்திருப்பார். மூத்தவர் ஒருவருக்கு அதே ஆட்டத்தின் பழைய 3.5 பதிப்பு மனப்பாடம். அடிமுறை என்ற தற்காப்புக் கலை பழகிய ஒருவரும் இருந்துவிட்டால் கேள்வி உடனே வரும்: "பிடிச்சாச்சுல்லா, பின்ன எப்பிடி தடியைச் சுத்துவான்?" பூட்டுப் போட்ட கை வேலை செய்யாது என்று உடம்பால் அறிந்தவர் அவர், அதனால் கேள்வி நியாயமானது. பதில்தான் விதிநூலுக்கு விதிநூல் மாறுகிறது.

பிடி விழ எத்தனை சதவீதம் வாய்ப்பு என்பதைத்தான் பெரும்பாலும் ஒப்பிடுகிறார்கள். அது பாதிக் கணக்குதான். பிடிபட்டவன் எதை இழக்கிறான், பிடித்தவர் ஒவ்வொரு டர்னும் (தன் முறை வரும்போதெல்லாம்) என்ன செலவழிக்கிறார் என்ற இரண்டையும் பார்த்துத்தான் ஒரு விதியை எடுக்கவோ விடவோ வேண்டும்.

3.5-ம் பாத்ஃபைண்டர் முதல் பதிப்பும்

3.5-ல் (2003) நான்கு படிகள். கை நீட்டியதும் எதிரிக்கு ஓர் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக், அதாவது முறைக்கு வெளியே ஓர் இலவச அடி. அதில் டேமேஜ் வாங்கினால் முயற்சி அதோடு முடிந்தது. தப்பினால் டச் அட்டாக், எதிரியைத் தொட ஓர் உருட்டல். அது பட்டால் இருவரும் டி20 (20 முகப் பகடை) உருட்டி, தங்கள் எண்ணைக் கூட்டி ஒப்பிடும் கிராப்பிள் செக். அதிலும் ஜெயித்தால் எதிரியின் கட்டத்துக்குள் நகர்ந்து பிடியை நிறுத்த வேண்டும்.

நம் ஃபைட்டருக்கு கிராப்பிள் +9. ஓகருக்கு +12, அதில் லார்ஜ் உடம்புக்கு மட்டும் +4. ஃபைட்டரின் ஏசி (அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்) 18 என்று வைத்தால் ஓகரின் முதல் அடி படாமல் போக 45 சதவீதம், டச் அட்டாக் பட 95, செக்கில் ஜெயிக்க 34. பெருக்கினால் 15 சதவீதம்கூட வராது. இம்ப்ரூவ்டு கிராப்பிள் ஃபீட் (பாத்திரத்துக்குத் தேர்ந்தெடுக்கும் தனித்திறமை) இருந்தால் அந்த முதல் அடி கிடையாது, செக்குக்கும் +4 சேரும். மொத்தம் சுமார் 54 சதவீதம். ஆகவே 3.5-ல் இந்த ஃபீட் இல்லாதவர் பிடிக்கப் போகவே கூடாது.

ஆனால் பிடி விழுந்துவிட்டால் அது உண்மையான பிடி. கிராப்பிளுக்குள் வெறுங்கை, இயற்கை ஆயுதம், லைட் ஆயுதம் இவை மட்டும்தான் நடக்கும். பெருந்தடிக்கு அங்கே வேலை இல்லை. அடிமுறைக்காரரின் மனசுக்கு மிக நெருக்கமான விதி இதுதான். விலை, நேரம். ஒவ்வொரு முறையும் புத்தகத்தைப் புரட்டி, இருவரும் உருட்டி, யார் எந்தக் கட்டத்தில் என்று பார்த்து முடிப்பதற்குள் மற்ற நால்வரும் ஃபோனை எடுத்துவிடுவார்கள்.

3.5-ஐ அடியொற்றி வந்த பாத்ஃபைண்டர் ஆட்டம் (2009) இதை இரண்டு எண்களாகச் சுருக்கியது: தாக்குபவர் தன் உருட்டலில் கூட்டும் சிஎம்பி, அவர் எட்ட வேண்டிய, தாங்குபவரின் சிஎம்டி. ஒருவர் மட்டும் உருட்டினால் போதும். ஃபைட்டரின் சிஎம்பி +9, ஓகரின் சிஎம்டி 18, அதாவது 9 விழ வேண்டும், 60 சதவீதம். ஃபீட் இல்லாதவருக்கு இங்கேயும் முதல் அடி உண்டு. அது பட்டால் முயற்சி ரத்தாகாது, வாங்கிய டேமேஜ் அப்படியே உங்கள் உருட்டலில் கழியும். ஓகரின் தடி சராசரியாக 16 டேமேஜ். அதைக் கழித்தால் 20 விழுந்தால்தான் உண்டு. இந்தக் கழித்தலைப் பல மேசைகள் மறந்துவிடுகின்றன, அதனால் அங்கே கிராப்பிள் இருக்க வேண்டியதைவிட மலிவாகத் தெரிகிறது.

பிடித்த பின் இரண்டு கை தேவைப்படும் எதையும் பிடிபட்டவன் செய்ய முடியாது. இங்கேயும் தடி சுழலாது. பிடியைத் தக்கவைக்க ஒவ்வொரு டர்னும் ஸ்டாண்டர்ட் ஆக்ஷன் (டர்னின் முக்கியச் செயல்) போகும், ஆனால் உருட்டலுக்கு +5 உண்டு. ஓகரின் டெக்ஸ்டெரிட்டியும் (சுறுசுறுப்பும்) இறங்கியிருப்பதால் 2 விழுந்தாலே பிடி நிற்கும். பிடி விழுவது கஷ்டம், விழுந்தால் நழுவாது. இந்தக் குணம் பின்னால் வந்த எந்தப் பதிப்பிலும் இல்லை.

2014: எல்லோரும் தப்பாகப் படிக்கும் விதி

அட்டாக் ஆக்ஷனில் ஓர் அடிக்குப் பதிலாக கிராப்பிள். ஒரு கை காலியாக இருக்க வேண்டும், எதிரி உங்களைவிட ஒரு சைஸுக்கு மேல் பெரிதாக இருக்கக் கூடாது. உங்கள் அத்லெட்டிக்ஸுக்கு எதிராக எதிரி அத்லெட்டிக்ஸோ அக்ரோபாட்டிக்ஸோ உருட்டும், எது என்பது எதிரியின் விருப்பம். சமமாக வந்தால் பிடி விழாது. ஃபைட்டர் +7, ஓகர் +4: சுமார் 62 சதவீதம்.

விழுந்த பிடி செய்வது ஒன்றே ஒன்று: ஸ்பீட் பூஜ்யம். அவ்வளவுதான். ஓகர் தடியை யார் மேலும் சுழற்றலாம், எந்தத் தடையும் இல்லை. மந்திரவாதியைப் பிடித்தால் அவர் மந்திரமும் தடைபடாது. மிஸ்டி ஸ்டெப் (கண நேரத்தில் இடம் மாறும் மந்திரம்) போட்டால் கையை விட்டே போய்விடுவார். "பிடித்துவிட்டோமே, டிஸ்அட்வான்டேஜ் கிடையாதா?" என்று கேட்பவர்கள் கிராப்பிள்டு (பிடிபட்ட) நிலையையும் ரெஸ்ட்ரெயின்டு (கட்டுண்ட) நிலையையும் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள். 2014-ல் இவை தனித்தனி. (டிஸ்அட்வான்டேஜ் என்றால் இரண்டு டி20 உருட்டிக் குறைந்ததை எடுப்பது, அட்வான்டேஜ் என்றால் கூடியதை எடுப்பது.)

இந்த விதியின் உயிர் அடுத்த படியில் இருக்கிறது. ஐந்தாம் லெவலில் இரண்டு அடி உண்டு. முதல் அடிக்கு கிராப்பிள், இரண்டாவதுக்கு ஷவ் செய்து கீழே தள்ளுவது. ஸ்பீட் பூஜ்யமானவனால் எழுந்திருக்க முடியாது, எழுவதற்கு ஸ்பீடில் பாதி வேண்டுமே. விழுந்து கிடப்பவன் வீசும் அடிகளுக்கு டிஸ்அட்வான்டேஜ், அவன் மேல் 5 அடிக்குள் இருந்து விழும் அடிகளுக்கு அட்வான்டேஜ். இரண்டும் ஒரே டர்னில் பலிக்க 38 சதவீதம். பலித்துவிட்டால் ஓகர் தன் முழு ஆக்ஷனையும் செலவழித்து உருட்டியும் தப்பிக்க 34 சதவீதம்தான். கட்சியில் (உங்கள் பக்க அணியில்) வில்லாளி இருந்தால் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்: கீழே கிடப்பவன் மேல் தூரத்திலிருந்து எய்யும் அம்புக்கு டிஸ்அட்வான்டேஜ். நல்ல பிடியைப் போட்டுவிட்டுக் கூட்டாளியிடம் திட்டு வாங்குவது இங்கேதான்.

2024: சேவ் வந்ததும் யார் ஜெயித்தார், யார் தோற்றார்

2024-ல் கிராப்பிள் என்பது அன்ஆர்ம்டு ஸ்ட்ரைக்கின் (வெறுங்கை அடியின்) ஒரு வகை. பிடிப்பவர் எதையும் உருட்டுவதில்லை. 8, ஸ்ட்ரென்த் மாடிஃபையர், ப்ரொஃபிஷியன்ஸி (பயிற்சிக்கான கூட்டல்) மூன்றையும் கூட்டினால் டிசி, அதாவது எதிரி எட்ட வேண்டிய எண், நம் ஃபைட்டருக்கு 15. எதிரி ஸ்ட்ரென்த் அல்லது டெக்ஸ்டெரிட்டி சேவ், அதாவது தாக்கத்தைத் தவிர்க்கும் டைஸ், உருட்டும். ஓகருக்கு +4, எனவே பாதிக்குப் பாதி. தப்பிக்கவும் அதே 15-க்கு எதிராக அத்லெட்டிக்ஸோ அக்ரோபாட்டிக்ஸோ உருட்ட வேண்டும், அதுவும் பாதிக்குப் பாதி. கிராப்பிளும் ஷவ்வும் ஒரே டர்னில் பலிப்பது 25 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

எண்ணை மட்டும் பார்த்தால் 2014 மேல். ஆனால் நம் கேள்வியை வைத்துப் பாருங்கள். 2024-ல் பிடிபட்டவன் பிடித்தவரைத் தவிர வேறு யாரை அடித்தாலும் டிஸ்அட்வான்டேஜ். ஓகர் தடியை உங்கள் மேல் தாராளமாக இறக்கும், பின்னால் நிற்கும் கூட்டாளி கிளெரிக் (பூசாரி) மேல் இறக்கத்தான் தடுமாறும். முன்னால் நின்று கட்சியைக் காக்கும் ஃபைட்டருக்கு இது 2014-ல் இல்லாத வரம். இன்னொன்று: ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்கில் அன்ஆர்ம்டு ஸ்ட்ரைக் செய்யலாம் என்பதால், கடந்து ஓடப் பார்ப்பவனை ரியாக்ஷனிலேயே (மற்றவர் முறையில் செய்யும் பதில் செயலிலேயே) பிடித்து நிறுத்தலாம். 2014-ல் கிராப்பிளுக்கு அட்டாக் ஆக்ஷன் தேவை, அதனால் இது முடியாது. தொட்டிப்பாலம் மாதிரி குறுகலான இடத்தில் இந்த ஒரு வித்தியாசம் சண்டையையே மாற்றும்.

தோற்றவர்கள் யாரென்றால், அத்லெட்டிக்ஸில் எக்ஸ்பர்டீஸ் (இரட்டைத் தேர்ச்சி) எடுத்த ரோகும் பார்டும், ரேஜ் (போர்வெறி) போட்ட பார்பேரியனும் என்ற பாத்திர வகைகள். 2014-ல் ரேஜ் ஸ்ட்ரென்த் செக்குக்கு அட்வான்டேஜ் தரும், இதே +7 உள்ளவருக்கு 62 சதவீதம் 78 ஆகும். எக்ஸ்பர்டீஸ் உள்ளவர் +10-ல் 74-ஐத் தொடுவார். 2024-ல் பிடிப்பவர் உருட்டுவதே இல்லை, இரண்டும் பிடிக்க உதவாது. லெஜெண்டரி ரெஸிஸ்டன்ஸ் (தவறிய சேவ்-ஐ வெற்றியாக்கும் சக்தி) உள்ள பெரிய மிருகங்களும் இப்போது சேவ் என்ற பெயரில் பிடியை உதறிவிடலாம். மாறாக மங்க் (துறவி வீரர்) வகைக்கு லாபம். டெக்ஸ்டெரிட்டியை வைத்தே டிசி கணக்கிடலாம்.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு

2019-ல் வந்தது, 2023-ல் சீர் செய்யப்பட்டது. விதிகள் முழுவதும் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்தில் இலவசம் என்பதால் புத்தகம் வாங்காமலே தொடங்கலாம். ஒரு டர்னுக்கு மூன்று ஆக்ஷன், அதில் ஒன்று கிராப்பிள். உங்கள் அத்லெட்டிக்ஸ் எதிரியின் ஃபோர்ட்டிட்யூட் (உடல் தாங்கும் பலம்) டிசிக்கு எதிராக. +13 அத்லெட்டிக்ஸ், எதிரே டிசி 21 என்று வைப்போம். 8 முதல் 17 வரை விழுந்தால் கிராப்டு: எதிரி நகர முடியாது, ஏசியில் 2 குறையும். 18 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ரெஸ்ட்ரெயின்டு: தப்பிக்க முயல்வதைத் தவிர அடிக்கவே முடியாது. 1 விழுந்தால், ஏற்கெனவே உங்கள் பிடி இருந்தால் அது விட்டுப்போகும், எதிரி திருப்பி உங்களைப் பிடிக்கலாம் அல்லது கீழே தள்ளலாம்.

ஆக, தடி சுழலுமா என்ற கேள்விக்கு இங்கே இரண்டு பதில். சாதாரண பிடியில் சுழலும். நல்ல பிடியில் நின்றுபோகும், அதற்கு 15 சதவீதம். எங்கள் பார்வையில் ஐந்தில் நேர்மையான பதில் இதுதான். அரைகுறைப் பிடியும் பூட்டும் ஒன்றல்ல என்பதை இந்த ஒரு விதிநூல்தான் டைஸிலேயே காட்டுகிறது. ஏசி குறைவது வில்லாளிக்கும் சேர்த்துப் பலன் தருவதால் 2014-ன் அம்புச் சண்டையும் இல்லை.

விலையும் தெளிவு. கிராப்பிளுக்கு அட்டாக் ட்ரெய்ட் (இதுவும் ஒரு தாக்குதல் என்ற முத்திரை) உண்டு, அதனால் அதே டர்னில் அடுத்த அடிக்கு -5. பிடி உங்கள் அடுத்த டர்னின் முடிவு வரைதான், ஒவ்வொரு டர்னும் ஓர் ஆக்ஷன் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். நீங்கள் நகர்ந்தால் பிடி விட்டுவிடும். ஆகவே கட்சியின் முதன்மை அடியாளைப் பிடிக்க விடாதீர்கள். அத்லெட்டிக்ஸ் நன்றாக உள்ள இரண்டாமவர் பிடிக்கட்டும், முதல்வர் -2 ஏசியில் அடிக்கட்டும்.

விளிம்பில் என்ன நடக்கும்

பிடித்தவனைப் பாலத்திலிருந்து கீழே போட முடியுமா? எழுதப்பட்ட விதி எங்கே பேசுகிறது, எங்கே பேசாமல் இருக்கிறது என்பது இங்கேதான் வெளிப்படும்.

பாத்ஃபைண்டர் முதல் பதிப்பு பேசுகிறது: ஆபத்தான இடத்துக்கு இழுத்தால் பிடிபட்டவனுக்கு +4-உடன் தப்பிக்க இலவச முயற்சி. இரண்டாம் பதிப்பும் பேசுகிறது: தள்ளுவதும் இழுப்பதும் விளிம்புக்கு வெளியே கொண்டுபோகும், ரீபொஸிஷன் போன்ற இடமாற்றம் கொண்டுபோகாது, இறுதி முடிவு ஆட்டத்தை நடத்துபவர் (நடத்துநர்) கையில். எனவே அங்கே ஷவ்தான் வழி. வெற்றி பெற்றால் 5 அடி, போதும். விழுபவனுக்கு விளிம்பைப் பற்றிக்கொள்ள ஒரு ரியாக்ஷன் உண்டு, ரெஸ்ட்ரெயின்டாக இருந்தால் அதுவும் இல்லை.

2014-ம் 2024-ம் கிராப்பிள் விதிக்குள் இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "நகரும்போது இழுக்கலாம் அல்லது தூக்கலாம்" என்பதோடு சரி. சிலர் எடைக் கணக்கைக் கொண்டுவருவார்கள்: ஸ்ட்ரென்த் 18 உள்ளவர் தூக்கக்கூடியது 540 பவுண்டு, 3.5 நூலில் ஓகரின் எடை 600 முதல் 650, எனவே அந்தரத்தில் பிடிக்க முடியாது என்று. நல்ல வாதம்தான், ஆனால் கிராப்பிள் விதி எடையைக் கேட்கவில்லை, சைஸைத்தான் கேட்கிறது. நாங்கள் சொல்வது: சைஸ் பொருந்தினால் தரையில் இழுக்கட்டும். விளிம்பைத் தாண்டும் கணத்தில் பாத்ஃபைண்டரின் பழைய வழக்கத்தைக் கடன் வாங்கி, பிடிபட்டவனுக்கு அட்வான்டேஜுடன் ஓர் இலவச முயற்சி கொடுங்கள். அது தவறினால் விழட்டும்.

விழுந்தால்? டி அண்ட் டியில் 10 அடிக்கு ஒரு டி6 (ஆறு முகப் பகடை), எனவே 11டி6, சராசரி 38 சொச்சம். 59 ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி) உள்ள 2014 ஓகர் பெரும்பாலும் பிழைத்து எழும். பாத்ஃபைண்டர் இரண்டில் விழுந்த தூரத்தில் பாதி, 57. ஆழமான நீரில் விழுந்தால் 20 அடி கழித்து 47.

எதை எடுப்பது

புதியவர்கள் பாதிப்பேர் உள்ள மேசைக்கு 2024. ஒரே உருட்டல், பிடித்தவருக்கு ஒரு பொறுப்பு, விவாதம் குறைவு. பிடியே தன் பாத்திரத்தின் அடையாளம் என்று வருபவருக்குப் பாத்ஃபைண்டர் இரண்டு. ரோக், பார்பேரியன் மல்லன்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தை நடுவழியில் 2024-க்கு மாற்றாதீர்கள். எழுதி வைத்த பலம் ஒரே இரவில் காணாமல் போகும். 3.5-ஐ அதை நேசிப்பவர்கள் நால்வர் சேர்ந்தால் மட்டும்.

2014-ஐயும் 2024-ஐயும் கலந்து ஆடுபவர்கள் முதல் அமர்விலேயே மூன்றைத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்: பிடிக்கும்போது சேவா, செக்கா. பிடிபட்டவன் மற்றவர்களை அடிக்க டிஸ்அட்வான்டேஜ் உண்டா. ரியாக்ஷனில் பிடிக்கலாமா. மூன்றுக்கும் ஒரே புத்தகத்திலிருந்து பதில் எடுங்கள். 2014-ன் 78 சதவீத பார்பேரியனுக்கு 2024-ன் டிஸ்அட்வான்டேஜையும் ரியாக்ஷன் பிடியையும் சேர்த்துக் கொடுத்தால், மூன்றாவது அமர்விலேயே நடத்துநர் பறக்கும் பிராணிகளை மட்டும் இறக்கத் தொடங்குவார்.