மாறிலி ஒப்பீடு: இடைநிலையில் மாற்றுவதா, கடைநிலையில் மாற்றுவதா?

நிறைவெண்ணை மாறிலியோடு, அதாவது நிரலிலேயே எழுதப்பட்ட நிலையான எண்ணோடு, ஒப்பிடும் கட்டளைகளைச் சுருக்குவதற்காக, கம்பைலரில் (நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருளில்) செய்யும் திருத்தமான பேட்ச் ஒன்றை, ஹட்டனில் மென்பொருள் வேலை செய்யும் நாங்கள் சிலர் அண்மையில் வரிவரியாகப் பரிசீலித்தோம். '128-ஐ விடக் குறைவா' என்பதும் '127 அல்லது அதற்குக் குறைவா' என்பதும் நிறைவெண்களைப் பொறுத்தவரை ஒரே கேள்விதான். ஆனால் எக்ஸ்86 வகைச் செயலி உள்ள இயந்திரத்தில் 127 குறியுள்ள ஒரு பைற்றுக்குள் (-128 முதல் 127 வரை) அடங்குவதால், 32 பிற்று ரெஜிஸ்டர்கள் (செயலிக்குள் எண்களை வைக்கும் இடங்கள்) பலவற்றில் ஒப்பீட்டுக் கட்டளை 3 பைற்றில் முடிகிறது. 128 என்று எழுதினால் மாறிலிக்கே 4 பைற்று போய், கட்டளை 6 பைற்றாகிறது.

தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் 18 கிலோவோ அதற்கு மேலோ நிறுத்தால் முழுப் பேர் (முழு நாள் சம்பளம்), குறைந்தால் அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) என்று வைத்துக்கொள்வோம். முழுக் கிலோவை மட்டும் பதியும் நிரலில் அந்த நிபந்தனையை '17-ஐ விட அதிகம்' என்று மாற்றினாலும் கணக்குப் பிசகாது, தராசு 17.6 காட்டி, நிரலும் தசமத்தை ஏற்றால், அரைப் பேருக்குரியவருக்கு முழுப் பேர் விழும். ஆகவே மாற்றத்தை எங்கே வைத்தாலும், எண்ணின் வகையைச் சோதிப்பதே முதல் வேலை.

முதல் வழி, இயந்திரம் எதுவென்று பாராமல் இடைநிலை வடிவத்திலேயே, அதாவது நிரலுக்கும் இயந்திரக் கட்டளைக்கும் நடுவே கம்பைலர் வைத்திருக்கும் வடிவத்திலேயே, மாறிலியைக் குறைப்பது. ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் எல்எல்விஎம் என்ற கம்பைலர் தொகுப்பில் கட்டளைகளை எளிமையாக்கும் இன்ஸ்ட்கம்பைன் என்ற பகுதி ஏற்கெனவே '127 அல்லது குறைவு' என்பதை '128-ஐ விடக் குறைவு' என்று மாற்றி ஒரே வடிவத்தில் வைத்திருக்கிறது. அடுத்து வரும் பகுதிகள் அந்த ஒரு வடிவத்தைத் தேடினால் போதும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. எதிர்த்திசையில் ஒரு விதியைச் சேர்த்தால், ஒன்று மாற்றியதை மற்றது திருப்பி மாற்றிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது வழி, கட்டளைகளைத் தெரிவு செய்யும் கடைநிலையில் மாற்றுவது. என் தெரிவு இதுவே, ஏனெனில் எந்த மாறிலி மலிவானது என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடுகிறது. ஏஆர்எம் செயலிகளின் 64 பிற்று வகையான ஏஆர்ச்64-இல் 4095-உம் 4096-உம் ஒப்பீட்டுக் கட்டளைக்குள்ளேயே அடங்கும், 4097 அடங்காது. ரிஸ்க்-வி என்ற இன்னொரு செயலி வகையின் அடிப்படைக் கட்டளைத் தொகுப்பில் 2047-ஐ ரெஜிஸ்டரில் ஏற்ற ஒரு கட்டளை போதும், 2048-க்கு இரண்டு வேண்டும்.

கடைநிலையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே எண்ணை '128-ஐ விடக் குறைவா' என்றும் '128-க்குச் சமமா' என்றும் அடுத்தடுத்துக் கேட்கும் நிரலில், ஒரு ஒப்பீட்டின் கொடிகளே (செயலி குறித்துவைக்கும் ஒப்பீட்டு முடிவுகளே) இரண்டு கேள்விக்கும் விடை தரும். முதலாவதை மட்டும் 127-ஆக்கினால் மிச்சமானது மூன்று பைற்று, சேர்ந்தது ஒரு புதிய ஒப்பீடு. இதற்கு நேர்மாறாக, அருகருகே வரும் மாறிலிகளை ஒன்றாக்கி ஒப்பீட்டைப் பகிரவைக்கும் தனிப் பகுதியே ஏஆர்ச்64-க்கு எல்எல்விஎம்மில் இருக்கிறது. ஆகவே அந்த ஒப்பீடு வேறெங்கும் பயன்படாதபோது மட்டுமே மாற்ற வேண்டும் என்ற நிபந்தனை பேட்சில் இருந்தாக வேண்டும்.

நாங்கள் பார்த்த பேட்சில் எல்லை மதிப்புக்கான காவலும் இல்லை. குறியுள்ள 8 பிற்று வகையில் '-128-ஐ விடக் குறைவா' என்பது எப்போதும் பொய்; ஒன்றைக் கழித்தால் மாறிலி சுற்றிக்கொண்டு 127 ஆகி, விடை எப்போதும் மெய்யாகிவிடும். குறியில்லாத வகையில் 0-க்கும் இதே கதி. மாற்றத்துக்குப் பின்னும் நிரலின் பொருள் மாறவில்லையா என்று பார்க்கும் அலைவ்2 போன்ற கருவி இடைநிலை விதிகளை இயல்பாகச் சரிபார்த்துத் தரும். கடைநிலை விதிக்குச் சோதனைகளை நாமேதான் எழுத வேண்டும். 8 பிற்றில் எண்ணும் மாறிலியுமாக 65,536 சோடிகளே இருப்பதால், குறியுள்ள வகைக்கும் குறியில்லாத வகைக்கும் அவை அத்தனையையும் ஓட்டிப் பார்த்த பின்பே இதை ஏற்கலாம் என்று எழுதி அனுப்பியிருக்கிறோம்.