வீடு கட்டும் வேலைக்கு வாட்ஸ்அப்: ஒரு புராஜெக்ட் மேனேஜரின் விமர்சனம்

மதுரையில் தனி வீடுகளும் சின்ன அடுக்குமாடிகளும் கட்டித்தரும் வேலையில் புராஜெக்ட் மேனேஜராக இருக்கிறேன். புராஜெக்ட் நடத்துவதற்கென்றே வரும் பெரிய மென்பொருட்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் நம் ஊரில் ஒரு சைட் உண்மையில் எதில் ஓடுகிறது என்று பார்த்தால் வாட்ஸ்அப்பில்தான் ஓடுகிறது. ஓனர், ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், பிளம்பர், டைல்ஸ் கடைக்காரர் எல்லோரும் ஒரே குழுவில் இருப்பார்கள். அதனால் அதையே ஒரு வேலைக் கருவியாக எடுத்துக்கொண்டு இந்த விமர்சனத்தை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைச் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான கருவி நம் தொழிலுக்கு இல்லை. ஆனால் என்ன செய்வது என்று முடிவு எடுப்பதையும் இதிலேயே விட்டுவிட்டால் ஓனருக்கும் நமக்கும் மனக்கசப்பு வருவது நிச்சயம், அதுவும் பணம் சம்பந்தப்பட்ட மனக்கசப்பு.

நல்லதிலிருந்து ஆரம்பிக்கிறேன். பெரிய மென்பொருள் எதை வாங்கினாலும் அதை மேஸ்திரி திறக்க மாட்டார், கம்பி கட்டுகிறவர் திறக்க மாட்டார், ஓனரே ஒரு வாரம் திறந்துவிட்டு விட்டுவிடுவார். வாட்ஸ்அப்பை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுதச் சிரமப்படும் மேஸ்திரி அண்ணன் குரல் செய்தியில் தெளிவாகச் சொல்லிவிடுவார். படம், வீடியோ, 2 ஜிபி வரையுள்ள கோப்பு எல்லாம் போகும், அதனால் ஆர்க்கிடெக்ட் டிராயிங்கை பிடிஎஃப் ஆகவே சைட்டுக்கு அனுப்பிவிடலாம். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு இங்கே வீடு கட்டும் ஓனர்களுக்கு இது பெரிய ஆறுதல். நான் வேலை நிலவரத்தை மாலை 6 மணிக்குப் போடுகிறேன். அப்போது துபாயில் 4.30, சிங்கப்பூரில் 8.30, இரண்டு பக்கமும் ஆள் விழித்திருக்கும் நேரம். இரவு 11 மணிக்கு "சுவரில் விரிசல் தெரிகிறது" என்று படம் போட்டுவிட்டு நாம் தூங்கிவிடலாம், அங்கே ஓனர் தூங்க மாட்டார்.

இன்னொரு வசதியைப் பலர் கவனிப்பதில்லை. குழுவில் நாம் போட்ட செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைத் திறந்தால் யார் படித்தார், யாருக்குப் போய்ச் சேர்ந்தது மட்டும்தான் என்று பெயர் பெயராகக் காட்டும். தனி உரையாடலில் நீல டிக்கை நிறுத்தி வைத்திருப்பவர்கள்கூடக் குழுவில் தெரிவார்கள். மறுநாள் காலை கான்கிரீட் என்றால் முந்தின நாள் சாயங்காலம் இதைப் பார்த்துவிட்டு, படிக்காதவர்களுக்கு மட்டும் போன் போட்டால் போதும்.

சிக்கல் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. படித்துவிட்டார் என்பதற்கும் ஒத்துக்கொண்டார் என்பதற்கும் இடையே ஒரு வீட்டின் பட்ஜெட்டே தொலைந்துபோகும். பக்கத்து சைட் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஓனர் ராத்திரி "மேற்குப் படுக்கையறை ஜன்னலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் அலமாரிக்கு இடம் கிடைக்குமே" என்று எழுதினார். ஆர்க்கிடெக்ட் கட்டைவிரல் போட்டார். காலையில் அதைப் பார்த்த மேஸ்திரி, சரி, முடிவாகிவிட்டது போல என்று கட்டின சுவரை இடித்துவிட்டார். ஓனர் கேட்டது யோசனை, ஆர்க்கிடெக்ட் விரல் போட்டது "பார்த்தேன், பேசலாம்" என்ற அர்த்தத்தில், மேஸ்திரி எடுத்துக்கொண்டது உத்தரவாக. மூன்று பேருமே நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். இடித்த கூலியும் புதுச் செங்கலும் லிண்டலை (ஜன்னலுக்கு மேல் சுவரைத் தாங்கும் உத்தரம்) மாற்றிய செலவும் யார் கணக்கில் என்று கேட்டபோது குழுவே அமைதியாகிவிட்டது.

இதில் செயலியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அது அரட்டைக்காகச் செய்தது. அங்கே யோசனையும் உத்தரவும் பிறந்தநாள் வாழ்த்தும் ஒரே மாதிரிக் கட்டத்தில், ஒரே எழுத்தளவில்தான் வரும். எது எது என்று பிரித்துக் காட்டுவது முழுக்க மேனேஜர் தலையில்தான் விழுகிறது. நான் அதைச் செய்யும் விதம் இது: குழுவில் என்ன பேச்சு வேண்டுமானாலும் ஓடட்டும், பணத்தையோ நாளையோ வரைபடத்தையோ தொடும் விஷயம் என்றால் கடைசியில் நான் தனியாக ஒரு செய்தி எழுதுவேன். "முடிவு: முதல் மாடி மேற்கு ஜன்னல் வடக்குப் பக்கம் ஒரு அடி நகர்கிறது. காரணம் இது. கூடுதல் செலவு இவ்வளவு, கூடுதல் நாள் இவ்வளவு. இன்ஜினியர் லிண்டலைப் பார்த்துவிட்டார். ஓனர் 'சம்மதம்' என்று எழுதிய பிறகே வேலை தொடங்கும்." கட்டைவிரலை நான் ஏற்பதில்லை, அந்தச் சொல்லையே எழுதச் சொல்வேன். ஆரம்பத்தில் சில ஓனர்களுக்கு இது அதிகப்படியாகத் தெரியும். முதல் பில் வரும்போது அவர்களே நன்றி சொல்வார்கள்.

அந்தச் செய்தியைக் குழுவின் உச்சியில் 'பின்' (pin) செய்து நிறுத்தி வைக்கலாம். ஆனால் அது அங்கே அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும், வீடு கட்டும் வேலை அதைவிட எவ்வளவோ நீளம். அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், பிறகும் கொஞ்ச காலம் எல்லோருக்குமாக அழிக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். புதிதாகச் சேரும் பெயின்டருக்குப் பழைய பேச்சு தானாகத் தெரியாது. ஆக நிரந்தரப் பதிவு என்ற இடத்தில் வாட்ஸ்அப்புக்கு நான் குறைவான மதிப்பெண்தான் தருவேன். முடிவுச் செய்திகளை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கூகுள் ஷீட்டில் தேதியோடு ஏற்றிவிடுகிறேன், மேஸ்திரிக்காகச் சைட்டில் கார்பன் காகிதம் வைத்த ஒரு நோட்டும் கிடக்கிறது. அது பழைய முறைதான், ஆனாலும் இன்றுவரை எனக்கு அதுதான் கைகொடுக்கிறது.

அடுத்தது குழுவின் அளவு. ஒரு குழுவில் 1,024 பேரைச் சேர்க்கலாம் என்பது வசதி, அதற்காக எல்லோரையும் ஒரே இடத்தில் கொட்டக் கூடாது. புராஜெக்ட் மேனேஜ்மென்ட் படித்தவர்களுக்கு ஒரு கணக்கு தெரியும்: ஆட்களின் எண்ணிக்கையை அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுத்தால், எத்தனை ஜோடிப் பேச்சு நடக்க வழியிருக்கிறது என்று கிடைக்கும். 5 பேர் என்றால் 10, 12 பேர் என்றால் 66. ஆள் இரண்டரை மடங்குகூட ஆகவில்லை, குழப்பத்துக்கான வழியோ ஆறு மடங்குக்கு மேல். அதனால் எனக்கு மூன்று குழுக்கள். ஓனர், ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர், நான் மட்டும் இருப்பது ஒன்று, முடிவுகள் எல்லாம் அங்கேதான். மேஸ்திரியும் வேலை ஆட்களும் இருப்பது இன்னொன்று, முடிவான பிறகே அங்கே போகும். மூன்றாவது ஓனர் குடும்பத்துக்கு வெறும் படங்கள் போட, அதில் அட்மின் மட்டும் எழுதும்படி வைத்திருக்கிறேன். 2022-இல் வந்த கம்யூனிட்டி வசதியில் இவற்றை ஒரே கூரைக்கு அடியில் கட்டலாம். அடுக்குமாடிக்கு அது சரிவரும், தனி வீட்டுக்குத் தேவையில்லை.

வாராவாரம் ஓனருக்கு என்ன எழுதுவது என்பதில் நிறைய மேனேஜர்கள் முடிந்த வேலையை மட்டும் நீளமாக எழுதுகிறார்கள். ஓனருக்கு அதைவிட முக்கியம், தன்னிடமிருந்து எப்போதுக்குள் என்ன வேண்டும் என்பது. "சமையலறை ஸ்விட்ச் போர்டு இடங்கள் புதன்கிழமைக்குள் முடிவாக வேண்டும், வியாழன் சுவரில் காடி வெட்ட ஆள் வருகிறார்கள், தள்ளிப்போனால் பூச்சு வேலை நிற்கும்" என்று எழுதினால் பதில் அன்றே வரும். "ஸ்விட்ச் போர்டு பற்றிச் சொல்லுங்கள் சார்" என்று எழுதினால் அது அப்படியே கிடக்கும்.

வேலை நடக்காத நாட்களிலும் எழுத வேண்டும், இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்வேன். தளம் போட்ட பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருப்போம், சைட்டில் ஆளே இருக்காது. ஓனர் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு "என்ன சார், வேலையை நிறுத்திட்டீங்களா" என்று கோபப்படுவார். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456-இன்படி சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமென்ட் என்றாலோ வெயிலும் வறட்சியுமான காலம் என்றாலோ குறைந்தது 10 நாள் நீராற்ற வேண்டும், அதாவது கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். தளத்துக்கு அடியில் இருக்கும் முட்டுகளை, தளத்தைத் தாங்கும் சுவர்களுக்கோ உத்தரங்களுக்கோ இடையே நாலரை மீட்டர் வரை என்றால் 7 நாளும், அதற்கு மேல் என்றால் 14 நாளும் எடுக்கக் கூடாது. இதைத் தளம் போடுவதற்கு முன்பே எழுதிவிட்டு, தண்ணீர் நிற்கும் தளத்தின் படத்தை நாள்தோறும் காலையில் போட்டுவிட்டால் அந்த அமைதியான நாட்கள்தான் ஓனருக்கு அதிக நம்பிக்கை தரும்.

வாட்ஸ்அப்பில் ஒருபோதும் செய்யக் கூடாதவையும் உண்டு. கெட்ட செய்தியை முதலில் எழுத்தில் சொல்லாதீர்கள். போன் செய்து பேசிவிட்டு, பேசியதைப் பிறகு எழுதுங்கள். மேஸ்திரியின் தவறை குழுவில் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள், அடுத்த முறை தவறு நடந்தால் அவர் படமே போட மாட்டார், பூசி மறைத்துவிடுவார். கம்பி அளவு, தூண் இடம் போன்றவற்றை வாக்கெடுப்புக்கு விடாதீர்கள். டைல்ஸ் நிறத்துக்கு வாக்கெடுப்பு அருமையான வசதி, கம்பி அளவு இன்ஜினியரின் பொறுப்பு மட்டுமே. குரல் செய்தியில் முடிவு சொன்னால் அதையே இரண்டு வரி எழுதியும் போடுங்கள், ஆறு மாதம் கழித்துத் தேடும்போது எழுத்துதான் கிடைக்கும்.

அப்புறம் குழுவிலேயே இல்லாத ஆட்கள். ஓனரின் அம்மாதான் அந்தச் சமையலறையில் நிற்கப் போகிறார், அவர் கையில் இருப்பதோ பட்டன் போன். மகன் துபாயிலிருந்து ஒத்துக்கொண்ட மேடை உயரம் அம்மாவுக்கு எட்டாமல் போனால் கிரானைட் போட்ட பிறகு உடைக்கச் சொல்வார், மகனும் உடைக்கத்தான் சொல்வார். அந்த அம்மாவைச் சைட்டுக்கு அழைத்து வந்து, செங்கல் அடுக்கி மேலே பலகை வைத்து, "இந்த உயரம் சௌகரியமாக இருக்காம்மா" என்று கேட்பதற்கு எந்தச் செயலியும் மாற்று இல்லை. பக்கத்து வீட்டுக்காரரும் அப்படித்தான். ரெடிமிக்ஸ் வண்டியில் (ஆலையிலேயே கலந்த கான்கிரீட்டைக் கொண்டுவருவது) கலவையை ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். தெருவில் அவர் கார் குறுக்கே நின்றால் அந்த நேரம் வாசலிலேயே கரையும். முந்தின நாளே நேரில் போய் "அண்ணே, நாளைக்குக் காலை வண்டி வருது, காரை மட்டும் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கிறீங்களா" என்று கேட்டுவிட்டால் அவரே நின்று வழிவிடச் செய்வார்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: செய்தி சேர்க்க 5-க்கு 5, வெளியூர் ஓனர்களுக்கு 5-க்கு 4, முடிவுகளைப் பதிந்து வைக்க 5-க்கு 2. செலவு இல்லாத கருவி, கட்டாயம் பயன்படுத்துங்கள், கூடவே ஒரு ஷீட்டோ நோட்டோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு யோசனை மட்டும் கூடுதலாக. பூச்சுக்கு முன்னால் சுவருக்குள் ஓடும் வயர், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் அளவு டேப் வைத்துப் படம் எடுத்து, படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், தரம் குறையாது. சாவி கொடுக்கும்போது அவற்றை அறை வாரியாக ஒரு பென் டிரைவில் போட்டு ஓனரிடம் கொடுங்கள். ஏசி மாட்ட வருகிறவர் எங்கே துளை போடலாம் என்று கேட்கும் நாளில் ஓனர் அதைத் திறந்து பார்ப்பார்.