பாலில் வெல்லும் கடை, பாலில் தோற்கும் ரசகுல்லா: மட்டக்களப்பில் வடஇந்தியச் சைவச் சாப்பாடும் தீபாவளி இனிப்பும்

இந்தக் கடையின் குலாப் ஜாமுன் ஒன்றை விரலால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். நடுவில் வெள்ளைக் கட்டி இல்லை. வெளித்தோல் கடும் மண்ணிறம், உள்ளே தேன் நிறம், மையம் வரைக்கும் ஒரே ஈரம், ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் கண்கள். பாகு அடி மையம் வரை போயிருக்கிறது என்பதற்கு அந்தக் கண்கள்தான் சாட்சி. மட்டக்களப்பு நகருக்குள் வடஇந்தியச் சைவச் சாப்பாடும் பண்டிகை இனிப்பும் செய்யும் இந்தச் சின்னக் கடையில் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான்.

காரணம் பால். வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையின் எருமைப் பாலில் கொழுப்பு ஏறக்குறைய 7 வீதம். பசும்பாலில் அதன் பாதிக்குச் சற்று மேல். கோயா என்பது பாலை அடிபிடிக்காமல் கிண்டிக் கிண்டிச் சுண்ட வைத்து எடுப்பது. ஒரு லீற்றர் எருமைப் பாலில் 200 கிராமுக்குச் சற்றுக் கூடவே கிடைக்கும். பசும்பாலில் அவ்வளவு வராது, வருவதும் கொஞ்சம் ஒட்டும் தன்மையோடு இருக்கும். முட்டித் தயிருக்குப் பேர்போன ஊரில் பால்மாவில் ஜாமுன் செய்வது பெரிய அநியாயம். பெரும்பாலான இடங்களில் அதுதான் நடக்கிறது. இவர்கள் கோயாவிலேயே செய்கிறார்கள்.

வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்குக் கணக்கு இது: 200 கிராம் மென்மையான கோயாவுக்கு 40 கிராம் கோதுமை மா, ஒரு சிட்டிகை அப்பச்சோடா. உள்ளங்கையால் தேய்த்து, கட்டி எதுவும் இல்லாமல் சேர்த்தால் போதும், றொட்டி மா போலப் பிசையக் கூடாது. பிசைந்தால் மா இழுபட்டு ஜாமுன் இறுகும். எண்ணெய் மிதமான சூட்டில் இருக்க வேண்டும். ஒரு சிறு உருண்டையைப் போட்டால் அது அடியில் போய், பதினைந்து இருபது செக்கன் கழித்து மெல்ல மேலே வர வேண்டும். போட்டவுடன் மிதந்தால் சூடு கூடிவிட்டது. வெளியே கறுத்து உள்ளே பச்சையாக நிற்கும், அந்த வெள்ளைக் கட்டி இப்படித்தான் வருகிறது. எண்ணெய்க்குள் கரைந்து பிரிந்தால் மா குறைவு. மேலே வெடிப்பு விட்டால் கலவை காய்ந்திருக்கிறது, ஒரு தேக்கரண்டி பால் தெளிக்கலாம். பாகுக்கு ஒரு பேணி சீனி, ஒரு பேணி தண்ணீர். விரலில் பிசுபிசுத்தால் போதும், கம்பி வரக் கூடாது. கம்பி வந்த பாகு உள்ளே இறங்காது. கொதிக்கும் பாகில் போட்டால் சுருங்கிவிடும், ஆறிய பாகில் போட்டால் ஊறாது. கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும், இரண்டு மணித்தியாலம் ஊற வேண்டும்.

இதே எருமைப் பால்தான் இவர்களுடைய ரசகுல்லாவைக் கெடுக்கிறது. கடித்தால் கிறீச்சென்று பல்லில் உராய்கிறது. அமத்தினால் பஞ்சு போல மீண்டு வருவதில்லை. ரசகுல்லா வங்காளத்துக்கும் ஒடிசாவுக்கும் உரிமைப் போட்டியான பண்டம். வங்காளத்துக்கு 2017 இலும் ஒடிசாவுக்கு 2019 இலும் தனித்தனியாகப் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டு இடத்திலும் அடிப்படை ஒன்றுதான்: பசும்பாலைத் திரித்து எடுத்த சேனா. எருமைப் பாலில் கேசின் புரதமும் கல்சியமும் கூடுதல். திரிந்தால் இறுக்கமான, மணல் மணலான கட்டி வரும். அது பனீருக்குப் பொருந்தும், ரசகுல்லாவுக்குப் பொருந்தாது. பசும்பால் கிடைக்காத நாளில் எருமைப் பாலில் கால்வாசி தண்ணீர் கலந்து, கொதித்த பாலைச் சற்று ஆறவிட்டுத் திரித்தால் ஓரளவு மெதுமையாகும். கடைக்கு அந்தச் சிரமமே தேவையில்லை. மாடு வளர்க்கிற ஊர், பசும்பாலும் இங்கேயே இருக்கிறது.

திரித்த பிறகும் வேலை இருக்கிறது. தேசிக்காய்ப் புளி போக சேனாவைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவ வேண்டும், துணியில் முக்கால் மணித்தியாலம் தொங்கவிட வேண்டும், உள்ளங்கையின் அடிப்பாகத்தால் எட்டுப் பத்து நிமிடம் தேய்த்துப் பிசைய வேண்டும். கையில் நெய்ப்பசை தெரியத் தொடங்கும்போது நிறுத்தலாம். ஒரு பேணி சீனிக்கு நாலு பேணி தண்ணீர் விட்ட ஐதான பாகு, மூடிய அகலப் பாத்திரம், பதினைந்து நிமிடம் இடைவிடாத கொதி. உருண்டை இரண்டு மடங்காக ஊத வேண்டும். அடுப்பைக் குறைத்தால் ஊதாது, தடித்த பாகிலும் ஊதாது. ரசமலாயிலும் இதே குறைதான், ஆனால் பாதிதான். மேலே ஊற்றும் சுண்டிய பால் எருமைப் பால் என்பதால் ஏலமும் குங்குமப்பூவும் சேர்ந்து அருமையாக இருக்கிறது. தட்டுக்குள் கிடக்கும் சேனா வில்லை மட்டும் பசும்பாலுக்கு மாறினால், கிழக்கில் இதற்குப் பக்கத்தில் வேறொன்றும் வராது.

கஜு கட்லி நன்று. இங்கே விளையும் கஜுவை நல்ல நைசாக அரைக்கிறார்கள். 250 கிராம் கஜுவுக்குச் சீனி அதன் பாதி என்பது நல்ல அளவு. இவர்கள் கொஞ்சம் கூடவே போடுகிறார்கள், முதல் கடியிலேயே சீனிதான் முந்துகிறது. அரைக்கும்போது கிரைண்டரை நிறுத்தி நிறுத்தி ஓட்டாவிட்டால் எண்ணெய் கக்கி, கட்லி மினுங்கிப் பிசுக்காகிவிடும். அந்தப் பிழை இவர்களிடம் இல்லை. மேலே ஒட்டும் வெள்ளித் தாள் பழைய முறையில் மாட்டுக் குடல் தோலுக்கு இடையில் வைத்துத் தட்டப்படுவது. விரதகாரர்கள் தாள் இல்லாமல் கேட்டு வாங்கலாம், தருகிறார்கள்.

கடலைமா லட்டு ஏமாற்றம். மேல் அண்ணத்தில் மெழுகு போல ஒட்டினால் அது நெய் அல்ல, மரக்கறி நெய். இங்கே ஒட்டுகிறது. அரைக் கிலோ கடலை மாவுக்குக் கால் கிலோ பசுநெய், குறைந்த நெருப்பில் அரை மணித்தியாலம், மணல் நிறம் வந்து நெய் ஓரத்தில் பிரியும் வரை கை ஓயாமல் வறுப்பது. அவ்வளவுதான் இரகசியம். சீனித்தூளை மா ஆறிய பிறகே சேர்க்க வேண்டும். சூட்டில் சேர்த்தால் இளகி, லட்டு தட்டையாக உட்கார்ந்துவிடும். கடை மா பட்டுப் போல நைசாக இருந்தால் வறுத்த ரவை இரண்டு மேசைக்கரண்டி போடலாம், அந்த நறநறப்பு இல்லாத லட்டு வாயில் களியாகும்.

ஜிலேபியை அடுப்பில் இருந்து இறங்கிய பத்து நிமிடத்துக்குள் நின்று சாப்பிடுங்கள், பெட்டியில் வேண்டாம். எங்கள் தேன்குழல் உழுந்தில் பிழிவது. வடஇந்தியாவில் இமர்த்தி என்பதும் உழுந்துதான். ஜிலேபி கோதுமை மாவைத் தயிரில் புளிக்க வைத்துப் பிழிவது. எங்கள் வெக்கைக்கு எட்டு மணித்தியாலம் போதும், அதற்கு மேல் போனால் புளிப்பு சீனியை மீறும். பாகு கனமான ஒற்றைக் கம்பி, அதில் சில துளி தேசிக்காய்ப் புளி. விடாவிட்டால் பாகு சீனிக் கற்களாகக் கட்டிவிடும். தீபாவளி வருவதோ மாரி தொடங்கும் நேரம். ஈரக் காற்றில் ஜிலேபியின் மொறுமொறுப்பு ஒரு மணித்தியாலம்கூட நிற்காது. சோன்பப்டிக்கும் இதே கதி. பெட்டியைத் திறந்துவைத்தால் நார் நாராக இருந்தது ஒரே உருண்டையாகிவிடும்.

சாப்பாட்டில் தால் மக்கனிதான் முதலிடம். தோல் உழுந்தோடு கொஞ்சம் ராஜ்மா (சிவப்பு போஞ்சி விதை), இரவு முழுக்க ஊறி, காலையில் இருந்து மெல்லிய நெருப்பில். கரண்டியின் பின்புறத்தால் மசித்து மசித்து வந்த கொழுகொழுப்பு அது, கிறீம் ஊற்றி வந்தது அல்ல. தோல் நீக்கிய உழுந்தில் செய்தால் வெறும் பசை. அந்தக் குறுக்கு வழியில் இவர்கள் போகாதது பெரிய ஆறுதல். பனீர் மிக மென்மை, குழம்பில் கடைசி இரண்டு நிமிடம்தான் போடுகிறார்கள். பொரித்துப் போட்டு ரப்பராக்குவதில்லை.

சோலே பட்டூரே என்பது கொண்டைக்கடலைக் குழம்பும் எண்ணெயில் பொரித்த றொட்டியும். இதில் பட்டூரே நன்றாக ஊதி வருகிறது. மா இரண்டு மணித்தியாலம் ஆறியிருக்கிறது, எண்ணெய் நல்ல சூடு, ஊதிய பிறகு உள்ளே எண்ணெய் தேங்கவில்லை. சோலேதான் ஊருக்காக வளைந்துவிட்டது. உறைப்பு கூடி, புளிப்புக்குப் பழப்புளி சேர்ந்து, கோயில் திருவிழாக் கடலைக்கும் இதற்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. சோலேயின் புளிப்பு காயவைத்த மாங்காய்த் தூளிலும் மாதுளை விதையிலும் வர வேண்டும். கறுத்த நிறம் அவிக்கும்போது துணியில் முடிந்து போட்ட தேயிலையிலும் காய்ந்த நெல்லியிலும் வர வேண்டும். மாங்காய் காய்ச்சுக் கொட்டும் ஊரில் பிஞ்சு மாங்காயைச் சீவி வெயிலில் காயவைத்து இடித்தால் வருசம் முழுக்கப் போதும். கொண்டைக்கடலை மட்டும் சரியாக வெந்திருக்கிறது, இரண்டு விரலுக்கு நடுவில் வெண்ணெய் போல நசிகிறது.

தீபாவளி முடிந்த கையோடு கந்தசஷ்டி வருகிறது. அந்த ஆறு நாளும் வெங்காயமும் உள்ளியும் தொடாதவர்கள் முதல்நாளே சொல்லிவைத்தால் தயிர், இஞ்சி, சின்னச்சீரகம், பெருங்காயம், கஜு விழுது கொண்டு தனியாகக் குழம்பு வைத்துத் தருகிறார்கள். இது சும்மா வெங்காயத்தைக் கழித்த குழம்பு அல்ல. தயிரைக் கடலை மாவோடு அடித்து, திரையாமல், ஒரே பக்கமாகக் கிண்டி ஏற்றியது. முட்டித் தயிரின் கொழுப்பு இதில்தான் முழுதாகத் தெரிகிறது. சாதாரண நாளிலும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

கல்முனைக்கோ அக்கரைப்பற்றுக்கோ பஸ்ஸில் கொண்டு போகிறவர்கள் கஜு கட்லியையும் மூடியுள்ள டப்பாவில் பாகோடு ஜாமுனையும் எடுக்கலாம். ஜாமுனை எண்ணி விற்கிறார்கள், பாகையும் சேர்த்து நிறுப்பதில்லை, அது நேர்மை. ரசமலாய் இந்த வெக்கையில் அவ்வளவு தூரம் தாங்காது. வீட்டுக்குப் போனதும் ஜாமுனை பிரிட்ஜில் வைத்தால் கோயாவின் கொழுப்பு உறைந்து இறுகும். பரிமாறுவதற்கு முன் பாகோடு சேர்த்துச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் பத்து நிமிடம் இறக்கி வைத்தால் பழைய மென்மை திரும்பும்.